கராஜில் ஓடுகிற ஐஸ் ஓகர் ஏரியில் ஏன் நின்றுபோகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். போன இலையுதிர்காலத்தில் ஒருவரிடம் பாவித்த ஐஸ் ஓகர் ஒன்று வாங்கினீர்கள், மீன் பிடிக்க உறைந்த ஏரியில் துளை போடும் இயந்திரம். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் 2-ஸ்ட்ரோக், 43 சிசி எஞ்சின், 8 அங்குலத் துளை போடும். வீட்டுக் கராஜில் இரண்டாவது இழுவைக்கே ஸ்டார்ட் ஆகிறது. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோனால் சோக்கில் மட்டும் இருமிக்கொண்டு ஓடுகிறது, சோக்கைத் திறந்து திரொட்டிலை அமத்தினால் நின்றுவிடுகிறது. ஓடிய கொஞ்ச நேரத்திலும் ஒரு துளை போடுவதற்குள் கை விட்டுப்போனது, வெளியே வந்ததெல்லாம் வெறும் தூள். கூடப் போனவர்களில் ஒருவர் எஞ்சின் காணாது, 10 அங்குல ஓகராகப் பெரிதாய் வாங்கு என்கிறார். மற்றவர் பற்றரி ஓகர் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பதைத் திருத்தலாமா, எறியலாமா என்பதுதான் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி. அது தெரியாமல் ஆயிரம் டொலரை எடுத்து நீட்டாதீர்கள்.

நான் ஒன்ராறியோவில் சின்ன எஞ்சின்கள் திருத்துகிறவன். கோடையில் புல்வெட்டி, இலை உதிர்ந்தால் செயின்சோ, பனி விழுந்தால் ஸ்னோ ப்ளோவர், ஜனவரி பிறந்தால் ஓகர். உங்கள் இயந்திரத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதன் சத்தத்தையும் கேட்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது இது: சோக்கில் மட்டும் ஓடுகிற எஞ்சினுக்குப் பெற்றோல் போதுமான அளவு போகவில்லை, அல்லது எங்கோ ஓட்டை வழியாகக் காற்று கூடுதலாகப் போகிறது. சோக் என்பது காற்றை மறித்து, பெற்றோலைக் கூட இழுக்க வைக்கிற ஒரு கதவு. அதை மூடினால் ஓடி, திறந்தால் சாகிறது என்றால் பிளக்கில் பொறி வருகிறது, கொம்பிரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தமும், ஓரளவுக்கு இருக்கிறது. ஆகவே பிளக்கை மாற்று, கொயிலை மாற்று என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பெற்றோல் மறிபடுகிறது என்பதைத்தான் நான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் கராஜும் ஏரியும் வேறுவேறாக நடந்துகொள்வது நல்ல துப்பு.

வீட்டோடு ஒட்டிய கராஜ் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே போகாது. ஏரியில் மைனஸ் 15, மைனஸ் 20. இந்த வித்தியாசத்தில் மாறுவது மூன்று விஷயம்: பெற்றோலில் கலந்திருக்கும் தண்ணீர், பெற்றோல் ஆவியாகும் தன்மை, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் இருக்கும் ரப்பர்த் தோல். முதலில் தண்ணீரைப் பார்ப்போம். இங்கே சாதாரண 87 ஒக்டேன் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும். எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பத்து வீதம் எதனோல் உள்ள பெற்றோல் அரை வீதம் வரைக்கும் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும், ஆனால் குளிரக் குளிர அந்தக் கொள்ளளவு குறையும். கராஜில் ஒன்றாய்க் கிடந்தது ஏரியில் பிரிந்து, எதனோலும் தண்ணீரும் சேர்ந்து ராங்கின் அடியில் போய் நிற்கும். பெற்றோல் குழாயின் நுனியில் பாரமான ஃபில்டர் ஒன்று தொங்குகிறதே, அதுவும் கிடப்பது அடியில்தான். முதலில் இழுபடுவது அந்தக் கீழ்ப் படைதான். எதனோல் குறைந்து தண்ணீர் மிஞ்சியிருந்தால் ஃபில்டரிலேயே ஐஸ் படியும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2-ஸ்ட்ரோக் ஒயில் மேலே பெற்றோலோடுதான் நிற்கும். கீழ்ப் படையில் ஒயில் இல்லை. அதைக் குடித்து ஓடுகிற எஞ்சின் தன் பிஸ்டனைத் தானே உரசிக்கொள்ளும்.

இதைச் சோதிக்கக் காசு ஒன்றும் தேவையில்லை. ஒரு நிறமில்லாத கண்ணாடிப் போத்தலை எடுத்து ராங்கில் உள்ள முழுவதையும் அதில் ஊற்றுங்கள். மூடி, வெளியே ஷெட்டில் ஒரு இரவு வையுங்கள். காலையில் பாருங்கள். அடியில் ஒரு கோடு பிரிந்து தெரிந்தாலோ, முழுவதும் மங்கலாகக் கலங்கி இருந்தாலோ, சின்னச் சின்ன ஐஸ் துகள் மிதந்தாலோ உங்கள் பதில் கிடைத்துவிட்டது. தெளிவாக இருந்தால் மணந்து பாருங்கள். பழைய பெற்றோலுக்கு வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த மணம் வரும். வாங்கியபோதே ராங்கில் இருந்த பெற்றோலைத்தான் இதுவரை பாவிக்கிறீர்கள் என்றால் போத்தலும் வேண்டாம், மணமும் வேண்டாம், கொண்டுபோய் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. பெற்றோல் நிறுவனங்கள் கோடைக்கு ஒரு கலவையும் குளிர்காலத்துக்கு இன்னொரு கலவையும் விற்கின்றன. குளிர்காலப் பெற்றோல் குளிரிலும் இலகுவாக ஆவியாகும். ஆகஸ்டில் நிரப்பிய கான் ஜனவரியில் பெற்றோல் மாதிரியே மணக்கும், ஆனால் மைனஸ் 20இல் பற்றிக்கொள்ளப் பஞ்சிப்படும். அதனால் ஓகருக்கான பெற்றோலை டிசம்பருக்குப் பிறகு, சின்ன அளவில், சுத்தமான புதுக் கானில் வாங்குங்கள். எதனோல் இல்லாத பிரீமியம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பம்ப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசித்தால் தெரியும், அல்லது உள்ளே காசாளரிடம் கேளுங்கள். பிரீமியம் என்றாலே எதனோல் இல்லை என்று முன்பு சொல்வார்கள், இப்போது அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சரிவராது. வருடத்துக்கு ஐந்தாறு தடவை மட்டும் போகிறவருக்கு, ஒயில் கலந்து தகரத்தில் அடைத்து விற்கும் எதனோல் இல்லாத பெற்றோல்தான் லாபம். லீற்றர் விலையைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் ஒரு காபரேற்றர் கழுவும் கூலி அதைவிடக் கூட.

கலவை விகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 40க்கு 1 என்றால் 25. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பது ராங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். கண்மட்டத்தில் ஊற்ற வேண்டாம். ஒயில் கூடினால் புகைதான் வரும் என்று சிலர் அள்ளி ஊற்றுவார்கள். ஒயிலைக் கூட்டினால் அதே அளவு கலவையில் பெற்றோல் குறைகிறது, ஏற்கெனவே பட்டினி கிடக்கிற எஞ்சினுக்கு அது இன்னும் பட்டினி. ஒயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு உரியதாக இருக்க வேண்டும், போத்தலில் ஜாசோ எஃப்டி என்று அடித்திருக்கும். படகு எஞ்சினுக்கு விற்கும் டிசி-டபிள்யூ3 ஒயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது, அதை இதற்குள் ஊற்றாதீர்கள்.

இனி காபரேற்றர். இந்த ஓகர்களில் அநேகமாக மிதவை இருக்காது. அதற்குப் பதிலாக மெல்லிய ரப்பர்த் தோல் இரண்டு இருக்கும். ஒன்று எஞ்சினின் துடிப்பில் அசைந்து பெற்றோலை இழுக்கும், மற்றது எவ்வளவு உள்ளே விடுவது என்று ஒரு சின்ன ஊசியைத் திறந்து மூடும். சில வருடம் எதனோலில் ஊறிக் காய்ந்தால் இந்தத் தோல் விறைத்துவிடும். கராஜின் சூட்டில் ஓரளவு வளையும், ஏரியின் குளிரில் வளையாது. வளையாவிட்டால் ஊசி முழுதாய்த் திறக்காது, எஞ்சினுக்குப் பெற்றோல் காணாது. நீங்கள் ஓகரைக் காருக்குள் வைத்துச் சூடாக்கிக் கொண்டுபோனபோது சில நிமிடம் நன்றாக ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது தண்ணீருக்கும் பொருந்தும், விறைத்த தோலுக்கும் பொருந்தும். எது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. கழற்றிப் பார்த்தால் தெரியும். காபரேற்றரின் ஒரு பக்க மூடியில் நான்கு திருகு இருக்கும், கழற்றியதும் அந்தத் தோல் கையில் வரும். நல்ல தோல் விரல் நுனியில் துவளும். கெட்டது தட்டையாகவே நிற்கும், மடித்தால் படபடவென்று சத்தம் போடும்.

ஆனால் காபரேற்றரைத் திறக்கும் முன், பெற்றோலைக் கையால் ஏற்றும் பிரைமர் குமிழை அமத்திப் பாருங்கள். அமத்தி விட்டதும் பெற்றோல் நிரம்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் கெட்டியாக வந்தால் குழாய்கள் சரி. அமத்திய குமிழ் உள்ளே போனபடியே கிடந்து மெதுவாக எழும்பினால் ஃபில்டரோ குழாயோ அடைபட்டிருக்கிறது. துள்ளி எழும்பினாலும் வெறும் காற்றுத்தான் வருகிறது என்றால் குழாயில் எங்கோ வெடிப்பு. குழாய் ராங்குக்குள் நுழைகிற இடத்தில்தான் அது அநேகமாக வெடிக்கும். மெல்ல வளைத்துப் பாருங்கள், மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் மாற்றுங்கள். குழாய், ஃபில்டர், குமிழ் மூன்றும் சேர்ந்து பத்து இருபது டொலருக்குள் முடியும். பிறகு காபரேற்றரை எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளை இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் தளர்ந்து, இடைவெளியால் காற்று இழுக்கும். இவ்வளவும் செய்து பார்க்காமல் கிற் வாங்க ஓட வேண்டாம்.

கிற் என்பது அந்தத் தோல்கள், ஊசி, கஸ்கெற்றுகள் எல்லாம் சேர்ந்த பொதி. காபரேற்றரின் உடம்பில் பொறித்திருக்கும் இலக்கத்தை எழுதிக்கொண்டுபோய் வாங்குங்கள். ஓகரின் மொடலைச் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். முழுக் காபரேற்றரையே இணையத்தில் மலிவாக விற்கிறார்களே என்று கேட்பீர்கள். சில நன்றாக ஓடுகின்றன, சில பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஒழுகுகின்றன. மலிவாய் வாங்கியதற்கு எந்த உத்தரவாதமும் நான் சொல்ல மாட்டேன். பழையதன் உடம்பு நன்றாயிருந்தால் கிற் போடுவதே என் தெரிவு. கழுவும்போது துளைகளுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், காபரேற்றர் கிளீனரும் காற்றும் போதும். அநேகமாகத் தொப்பி போட்ட இரண்டு திருகு வெளியே தெரியும். அது கலவையைக் கூட்டிக் குறைப்பது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் கோடையில் சரியாய் இருந்த கலவை குளிரில் பெற்றோல் குறைந்ததாகிவிடும் என்பது உண்மை. அதற்காக முதல் வேலையாக அந்தத் திருகைத் திருப்ப வேண்டாம். அடைப்பை எடுக்காமல் திருகைத் திறந்தால் இன்றைக்கு ஓடும். பிறகு அடைப்பு விலகியதும் புகை கக்கும், அப்போது எங்கிருந்து தொடங்கினோம் என்றே தெரியாது.

சரி, இதெல்லாம் செய்தும் வேறு குணம் காட்டினால்? ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஓடி நின்று, கொஞ்சம் பொறுத்தால் திரும்ப ஓடுகிறதென்றால், நின்ற உடனே ராங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியிலுள்ள காற்றுத்துளை ஐஸ் பிடித்து அடைபட்டிருக்கிறது. ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறாமல் மந்தமாய் முனகுகிறதென்றால் சைலன்சரின் வாயிலில் உள்ள சின்னக் கம்பிவலையைக் கழற்றுங்கள், கரி படிந்து மூடியிருக்கும். எஞ்சின் அலறுகிறது, ஐஸைத் துளைக்கும் சுருள் சுற்றவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது சுருளை எஞ்சினோடு பூட்டும் பின் அறுந்திருக்கிறது. திரொட்டிலை விட்ட பிறகும் சுருள் சுற்றிக்கொண்டே இருந்தால் திரொட்டிலைத் தொடாதபோது ஓடும் ஐடில் வேகம் கூடியிருக்கலாம், கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். இதை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். காலுக்குப் பக்கத்தில் சுற்றுவது கத்தி. கயிற்றை இழுத்து இழுத்துப் பெற்றோல் கூடிப்போய் நனைந்த எஞ்சினுக்கு, சோக்கை முழுதாய்த் திறந்து, திரொட்டிலையும் முழுதாய் அமத்திக்கொண்டு பல தடவை இழுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். ஸ்டார்ட் ஆக்க ஈதர் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 2-ஸ்ட்ரோக்கில் அது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடும், நான் பாவிப்பதில்லை.

திருத்துவதா எறிவதா என்பதைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளைக் கழற்றி அதை எடுத்துவிடுங்கள். கயிற்றை மெல்ல இழுத்தால் துவாரத்துக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். டோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் மழமழவென்று, தயாரிப்பின்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருந்தால் எஞ்சின் உயிரோடிருக்கிறது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் ஒயில் இல்லாமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். கொம்பிரஷன் மானி இருந்தால் 100 பிஎஸ்ஐக்கு மேல் வர வேண்டும் என்பது இந்த அளவு எஞ்சினுக்குப் பொதுவான கணக்கு. கீறல் கண்டால் அதில் ஒரு சதமும் போடாதீர்கள். இனி எப்போதாவது பாவித்த ஓகர் வாங்கப் போனாலும் விற்பவரிடம் கேட்டு இந்தச் சைலன்சர் சோதனையைச் செய்யுங்கள். விட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். மிகப் பழைய ஓகர்களில் டெகும்சே எஞ்சின் இருக்கும். அந்த எஞ்சின் தயாரிப்பு 2008 இறுதியில் நின்றுபோனது. இன்றும் ஓடுபவை நிறைய, நல்ல எஞ்சின்தான், உதிரிப்பாகத்துக்குத் தேடி அலையத் தயாராக இருந்தால் வாங்கலாம்.

இப்போது அந்தத் தூள். இதை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், ஆனால் உங்கள் நண்பர் எஞ்சின் காணாது என்று சொன்னதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுருளின் அடியில் பூட்டியிருக்கும் பிளேட் கூராக இருந்தால் ஐஸைச் சீவி எடுக்கும், நகம் அளவுக்குத் தட்டையான சீவல்கள் வெளியே வரும். மழுங்கியது ஐஸைத் தேய்க்கும், தூள் வரும். மழுங்கிய பிளேட்டை 43 சிசி சுற்றினாலும் 51 சிசி சுற்றினாலும் தேய்ப்புத்தான். நீங்கள் மேலே பாரம் போட்டு அமத்த வேண்டியிருந்தால் அது எஞ்சினின் குற்றம் இல்லை. நல்ல பிளேட் தன் பாட்டில் இறங்கும், கைகள் பிடித்துக்கொண்டால் போதும்.

பிளேட் எதனால் மழுங்குகிறது? ஐஸால் அல்ல, மண்ணால். கார்களும் ட்ரக்குகளும் கரையிலிருந்து வீதி மணலையும் உப்பையும் டயரில் கொண்டுவந்து ஏரியில் சிந்துகின்றன. ஏறும் வழிக்குப் பக்கத்தில் துளை போட்டால் முதல் சுற்றிலேயே மணலில் உரசும். இன்னொன்று, சிம்கோவின் தெற்குப் பக்கம் குக்ஸ் பே மாதிரி ஆழம் குறைந்த இடங்களில் கரையோரம் துளைத்தால், ஐஸைத் தாண்டிய சுருள் நேரே அடிச் சேற்றில் இறங்கும். ஒரு தடவை போதும், புது பிளேட்டும் பழசாகிவிடும். ஐஸைத் தாண்டியதும் பாரம் விடுபடுவது கையில் தெரியும், அந்த நொடியே திரொட்டிலை விடுங்கள். சுருளில் ஒட்டிய ஐஸை உதறத் தரையில் குத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிளேட்டின் கோணம் ஒரு மயிரளவு மாறினாலும் அது கடிக்காமல் வழுக்கும். அதே காரணத்தால்தான் தட்டைப் பிளேட்டை வீட்டில் அரம் வைத்துத் தீட்ட வேண்டாம் என்கிறேன். கூர் வரும், கோணம் போகும். சோடியாகப் புதிது வாங்குங்கள், அநேகமாக 40, 50 டொலருக்குள் வரும். பூட்டும்போது கூர்ப்பக்கம் எது என்று பார்த்துப் பூட்டுங்கள், தலைகீழாய்ப் பூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

பிளேட்டில் இரண்டு இனம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டையானது சீவும், வேகமானது, ஆனால் நேற்றைய துளை உறைந்திருந்தால் அதைத் திரும்பத் திறக்கச் சரிவராது. ஓரத்தில் திடீரென்று கவ்விக் கையை முறுக்கும். பல் வைத்தது ஐஸை உடைத்து எடுக்கும், கொஞ்சம் மெது, அதிர்வும் கூட. ஆனால் மணலைத் தாங்கும், பழைய துளையையும் திறக்கும். ஒரே குடிலில் தொடர்ந்து நாட்கணக்காக இருந்து பிடிக்கிறவர்களுக்குப் பல் வைத்தது. நடந்து நடந்து புதுத் துளை போடுகிறவர்களுக்குத் தட்டை. நீங்கள் இரண்டாவது ஆள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது.

10 அங்குலம் வேண்டுமா என்றால், வேண்டாம். 8 அங்குலத் துளையின் பரப்பு 50 சதுர அங்குலம், 10 அங்குலத்தினது 79. அதாவது ஒவ்வொரு துளைக்கும் பாதிக்கு மேல் கூடுதலான ஐஸை வெட்டுகிறீர்கள். சிம்கோவில் பேர்ச், வைற்ஃபிஷ், லேக் ட்ரௌட் மூன்று மீனும் 8 அங்குலத்துக்குள்ளால் வரும். பேர்ச் மட்டும் என்றால் 6 அங்குலமே போதும். வடக்கே பெரிய பைக் மீன், பெரிய ட்ரௌட் தேடிப் போகிறவர்களுக்குத்தான் 10. அது பெரியவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் காலை விழுத்துகிற குழி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துளையை விட்டுப் போகும்போது ஒரு கிளையையாவது நட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியும் புதிது வாங்கும் நிலை வந்தால் நான் முதலில் பார்ப்பது எந்த ஏரி என்பதைத்தான். சிம்கோ மாதிரி இடத்தில், பகல் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு துளை போடுகிறவருக்கு லித்தியம் பற்றரி ஓகர் போதும். புகை இல்லை, கூடாரத்துக்குள்ளும் துளைக்கலாம், பழைய பெற்றோல் என்ற தலையிடியே இல்லை. விலை 600 முதல் 1,000 டொலர் வரை போகும். பெட்டியில் அச்சடித்திருக்கும் துளைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், குளிரில் பற்றரி சோரும். ஏரிக்குப் போகும்வரை ஜக்கெற்றுக்குள் வைத்திருங்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது, உள்ளே கொண்டுவந்து சூடேறிய பிறகுதான். ட்ரில்லில் பூட்டுகிற சுருளும் கிடைக்கிறது, மிக இலகு. ஆனால் பலமான ட்ரில்லும் பக்கக் கைபிடியும் இல்லாமல் பாவித்தால் மணிக்கட்டு திரும்பிவிடும். ட்ரில் கழன்றால் சுருள் ஏரிக்குள் போகாமலிருக்க அகன்ற தட்டு ஒன்று பூட்டியிருக்க வேண்டும்.

வின்னிப்பெக் ஏரி, லேக் ஒஃப் த வூட்ஸ் பக்கம் மாசி பங்குனியில் ஐஸ் ஒரு மீற்றர் அளவுக்குத் தடிக்கும். நாள் முழுக்கத் துளைக்கிறவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் அங்கே இன்னும் பெற்றோல் எஞ்சின்தான் கைகொடுக்கிறது. அதில் 2-ஸ்ட்ரோக் பாரம் குறைந்தது, கட்டமைப்பு எளிது, குளிரில் இலகுவாகப் பற்றும். 4-ஸ்ட்ரோக் சத்தம் குறைவு, கலவை வேண்டாம், ஆனால் உள்ளே ஒயில் நிற்கிறது. 10டபிள்யூ-30 மைனஸ் 20இல் கெட்டியாகிக் கயிற்றைப் பிடித்து வைக்கும், 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் போட வேண்டும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 மாதிரி எந்தப் பக்கம் சரித்தாலும் தாங்கும் எஞ்சின் என்றால் பயமில்லை. மலிவான சிலவற்றைப் பிழையான பக்கம் படுக்க வைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் போய்விடும். புரொப்பேன் ஓகரும் உண்டு. எரிபொருள் பழுதாகாது என்பது அதன் பெரிய நன்மை, கடுங்குளிரில் புரொப்பேன் சிலிண்டரின் அழுத்தம் விழுவது குறை. எது வாங்கினாலும் பிளேட்டும் காபரேற்றர் கிற்றும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் தபாலில் வரும் உதிரிப்பாகத்தால் பிரயோசனமில்லை.

பெற்றோல் ஓகரைக் கூடாரத்துக்குள்ளோ குடிலுக்குள்ளோ ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம், புகையிலுள்ள நச்சுவாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. கழுத்துத் துண்டின் நுனியை ஜக்கெற்றுக்குள் விட்டு, காலை அகட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். நடந்துபோக 4 அங்குலத் தெளிந்த ஐஸ் போதும் என்கிறது மினசோட்டா இயற்கைவளத் திணைக்களம். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனியாக நடப்பவருக்குச் சொல்வது 15 சென்ரிமீற்றர், கூட்டமாக என்றால் 20. ஓகரும் ஸ்லெட்டும் ஆட்களுமாய்ப் போகிற நீங்கள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஐஸ் என்றால் அதையும் இரட்டியாக்குங்கள்.

இன்னொரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கோடையில் வேலிக்குக் குழி தோண்ட இந்த எஞ்சினில் மண் சுருளைப் பூட்ட நினைக்காதீர்கள். ஏரியில் தூசு இல்லை, ஃபில்டர் இருந்தால் அதில் ஐஸ் பிடிக்கும் என்பதால் பல ஐஸ் ஓகர்களுக்குக் காற்று ஃபில்டரே வைப்பதில்லை. மண் தூசு நேரே சிலிண்டருக்குள் போகும். அப்படி யாராவது உங்களுக்கு முன் பாவித்திருந்தால் அதுவும் அந்தச் சைலன்சர் சோதனையில் தெரிந்துவிடும்.

ஆகவே ஒழுங்கு இதுதான். இன்றைக்குப் போத்தல், நாளைக்குப் பிரைமர் குமிழும் குழாயும், பிறகு சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டன். பிஸ்டன் நன்றாயிருந்தால் புதுப் பெற்றோல், கிற், புது பிளேட் சோடி. கைவேலையை நீங்களே செய்தால் எல்லாம் சேர்ந்து 100 டொலர் அளவில் முடியும். அதற்குப் பிறகும் சோக்கைத் திறந்ததும் நின்றால் எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுக்கலாம். அதை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம், அழுத்தச் சோதனை செய்யும் கடைக்குக் கொண்டுபோங்கள். சீல் மாற்றும் கூலியைக் கேட்டுவிட்டு, அப்போது பற்றரி ஓகர் விலையோடு ஒப்பிடுங்கள். போத்தலில் என்ன தெரிந்தது, பிஸ்டன் எப்படி இருந்தது என்று படத்தோடு இதன் கீழே எழுதினால் மிச்சத்தைச் சொல்கிறேன்.